குரங்கிலிருந்து மனிதனுக்கு வரும் மலேரியா: மலேசியாவின் அனுபவமும் நம் குடியிருப்பும்

(உலகக் கொசு தினமான ஆகஸ்ட் 20 அன்று நமது சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேட்டுக்கொண்டவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் மருந்து, மாத்திரை பற்றி நான் சொல்வதை வைத்து யாரும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். ஒரு விஷயத்தை எடுத்தால் அதன் பழைய லெட்ஜர் வரை போய்ப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பார்வர்டு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். "குரங்குகளால் புதிய மலேரியா பரவுகிறது, குடியிருப்புக்குள் வரும் குரங்குகளை உடனே பிடித்து அகற்றுங்கள்" என்று இருந்தது. அதற்குக் கீழே பலரும் பயந்து எழுதினார்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பற்றித் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸும் வந்திருக்கிறது. அதே நேரத்தில் விடுமுறைக்கு மலேசியா போக டிக்கெட் எடுத்திருக்கும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

அந்தச் செய்தி முழுப் பொய்யில்லை. அப்படி ஒரு மலேரியா இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது, எந்தக் குரங்கில் இருக்கிறது, எந்தக் கொசு பரப்புகிறது என்ற மூன்று விவரங்களையும் விட்டுவிட்டுத்தான் அந்தப் பார்வர்டு வந்தது.

ஐந்தாவது மலேரியா

இன்றைய தேதி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியா நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவை அறுத்துப் பார்த்து, அதன் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டுபிடித்தார். அந்த நாளைத்தான் உலகம் கொசு தினமாகக் கொண்டாடுகிறது.

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. மனிதர்களிடையே பரவுவது நான்கு வகை என்று நீண்ட காலம் பாடப் புத்தகங்களில் இருந்தது. வைவாக்ஸ், பால்சிபேரம், மலேரியே, ஓவேல் என்பவை அவை. இப்போது ஐந்தாவதாக நோலேசி என்ற பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இதுதான் குரங்கிலிருந்து வருவது.

இந்த நோலேசியை முதலில் ஆராய்ந்தது நம் நாட்டில்தான். 1931-இல் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு நீண்டவால் குரங்கின் இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தார்கள். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் இருந்த ராபர்ட் நோல்ஸ், பி.எம். தாஸ்குப்தா இருவரும் 1932-இல், குரங்கின் இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றினால் மனிதனுக்கும் காய்ச்சல் வருகிறது என்று காட்டினார்கள். நோல்ஸின் பெயரால்தான் அதற்கு நோலேசி என்று பெயர்.

ஊசியில் ஏற்றினால் வருகிறது, சரி. காட்டில் கொசு கடித்தே வருமா என்ற கேள்விக்கு 1965-இல்தான் பதில் கிடைத்தது. மலேசியாவின் பகாங் மாநிலக் காட்டில் வேலை பார்த்த அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். அவருடைய இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அது நோலேசி என்று தெரிந்தது. உடனே மலேசியாவில் தேடினார்கள். 1,100-க்கும் மேற்பட்ட கிராமத்தவர்களின் இரத்தத்தை எடுத்துக் குரங்குகளில் சோதித்தும் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆகவே, இது எப்போதாவது அபூர்வமாக வருவது என்று முடிவு கட்டி, கோப்பை மூடிவிட்டார்கள்.

தவறான தலைப்பில் பதிவான கணக்கு

சுமார் நாற்பது வருடம் கழித்து அந்தக் கோப்பு மறுபடி திறந்தது. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

போர்னியோ தீவில் மலேசியாவுக்குச் சொந்தமான சரவாக் மாநிலம் இருக்கிறது. அங்கே காப்பிட் என்ற உள்நாட்டுப் பகுதியில் மலேரியே வகை நோயாளிகள் நிறையப் பேர் பதிவாகிக்கொண்டிருந்தார்கள். மலேரியே சாதாரணமாக மெதுவான நோய். இரத்தத்தில் கிருமியும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் காப்பிட் நோயாளிகளுக்குக் கிருமி அதிகம் இருந்தது, காய்ச்சலும் கடுமையாக இருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். குழந்தைகள் மிகக் குறைவு. கணக்கு எங்கேயோ இடித்தது.

சரவாக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலேசி! 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் நோலேசியின் வளர்ந்த நிலை மலேரியே போலவே தெரியும், இளம் நிலை பால்சிபேரம் போலத் தெரியும். ஆகவே, ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். ஆனால் தலைப்பு தவறிப் போயிருந்தது. வருடக்கணக்கில் மலேரியே என்ற கணக்கில் நோலேசியின் வரவு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தத் தவறு ஏன் முக்கியம் என்றால், நோலேசி வேகமானது. மலேரியே கிருமி இரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக 72 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வைவாக்ஸுக்கு 48 மணி நேரம். நோலேசிக்கு 24 மணி நேரமே போதும். அதனால்தான் தினமும் காய்ச்சல் ஏறுகிறது. வைத்தியம் தாமதமானால் சில நாட்களிலேயே சிறுநீரகம், நுரையீரல் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். "மெதுவான மலேரியாதான், பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடக்கூடிய நோய் இது இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. மலேரியாவுக்கான வழக்கமான மருந்துகளுக்கு நோலேசி நன்றாகக் கட்டுப்படுகிறது. வைவாக்ஸ் போலக் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வருவதும் இல்லை. நேரத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம்.

எந்தக் குரங்கு, எந்தக் கொசு

நோலேசியின் சொந்த வீடு இரண்டு குரங்குகள். ஒன்று நீண்டவால் குரங்கு, மலாய் மொழியில் கெரா என்பார்கள். இன்னொன்று பன்றிவால் குரங்கு, பெரூக் என்பார்கள். மரத்தில் ஏறித் தேங்காய் பறிக்கப் பழக்குகிறார்களே, அந்தக் குரங்கு. காட்டில் இவை இந்தக் கிருமியோடு பெரிய தொல்லை இல்லாமல் வாழ்ந்துவிடுகின்றன.

குரங்கு கடிப்பதாலோ, தொடுவதாலோ, வாழைப்பழத்தைப் பிடுங்கிப் போவதாலோ இது பரவாது. நடுவில் கொசு வேண்டும். அதுவும் எந்தக் கொசுவும் பரப்பிவிடாது. அனாபிலிஸ் கொசுக்களில் லூகோஸ்பைரஸ் என்ற ஒரு கூட்டம் இருக்கிறது. காட்டு நிழலில், சிறு குட்டைகளில், யானையோ வண்டியோ அழுத்திய பள்ளத்தில் தேங்கும் நீரில் முட்டையிடுபவை. சபா மாநிலத்தில் பலபசென்சிஸ், சரவாக்கில் லேடென்ஸ் என்று இடத்துக்கு ஒரு வகை. இவை வீட்டுக்குள் வந்து தூங்குகிறவரைத் தேடிக் கடிப்பதைவிட, பொழுது சாய்ந்ததும் வெளியிலேயே கடிப்பவை. காட்டிலும் தோட்டத்திலும் குரங்கையும் கடிக்கும், மனிதனையும் கடிக்கும்.

மனிதனிடமிருந்து கொசு வழியாக இன்னொரு மனிதனுக்கு இது பரவ முடியும் என்று ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இயற்கையில் பெரும்பாலும் குரங்கிலிருந்தே மனிதனுக்கு வருகிறது என்றுதான் இதுவரை கிடைத்த சான்றுகள் சொல்கின்றன.

காட்டை வெட்டினால் என்ன ஆகும்

மலேசியாவும் மலேரியாவும் என்றால் தமிழர்களுக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன நம் மக்கள் மலேரியாவால் ஏராளமாகச் செத்திருக்கிறார்கள். 1901-இல் கிள்ளான் பகுதிக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, கிள்ளான் நகரத்திலும் துறைமுகத்திலும் நோயைப் பெரிதும் குறைத்தார். பிறகு அவர் மலைப்பாங்கான தோட்டங்களில் இன்னொன்றைக் கவனித்தார். அங்கே காட்டை வெட்டியதும் மலேரியா குறைவதற்குப் பதிலாகக் கூடியது. மலை ஓடைகளின் மேல் வெயில் பட ஆரம்பித்ததும், வெயிலை விரும்பும் மாகுலேட்டஸ் என்ற அனாபிலிஸ் பெருகிவிட்டது. அந்த ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறை அப்படித்தான் வந்தது.

நூறு வருடம் கழித்து அதே பாடம் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. சபா மாநிலத்தில் கூடாட், கோத்தா மருடு மாவட்டங்களில் நடந்த ஆய்வில், சுற்றிலும் காடு உள்ள கிராமங்களிலும், சமீப ஆண்டுகளில் காட்டை இழந்த கிராமங்களிலும் நோலேசி அதிகம் என்று தெரிந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காகக் காடு துண்டு துண்டாகிறது. குரங்குகள் மிச்சமுள்ள காட்டு ஓரத்துக்கும் தோட்டத்துக்கும் வருகின்றன. கொசுவும் அங்கே வருகிறது. வேலைக்கு மனிதனும் அங்கேதான் போகிறான். மூவரும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

யாருக்கு அதிகம் வருகிறது என்றும் அங்கே ஆராய்ந்தார்கள். வயது வந்த ஆண்கள், தோட்ட வேலை செய்பவர்கள், வெளியில் படுத்துத் தூங்குபவர்கள், சுவரில் சந்து உள்ள வீட்டில் இருப்பவர்கள். இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

மலேசியா செய்ததும், மிச்சம் நிற்பதும்

மலேசியாவின் முயற்சியை நாம் பாராட்டத்தான் வேண்டும். 1961-இல் அந்த நாட்டில் மலேரியா நோயாளிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 1967-இல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டுச் சுவர்களில் மருந்து தெளித்தார்கள், மருந்து ஏற்றிய கொசுவலை கொடுத்தார்கள், காய்ச்சல் என்று வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள், நோயாளி கிடைத்தால் அவர் வீட்டைச் சுற்றித் தேடினார்கள். 2018-இல் மனித வகை மலேரியா உள்நாட்டில் ஒன்றுகூடப் பரவவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் அதே 2018-இல் நோலேசி மட்டும் 4,131 பேருக்கு வந்தது. 12 பேர் இறந்தார்கள்.

மூன்று வருடம் தொடர்ந்து உள்நாட்டுத் தொற்று இல்லை என்றால் உலக சுகாதார நிறுவனம் "மலேரியா இல்லாத நாடு" என்று சான்றிதழ் தருகிறது. இலங்கை 2016-இல் அதைப் பெற்றது. மலேசியாவும் மனித மலேரியாவில் அந்த மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டது. இருந்தும் நோலேசி இருப்பதால் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. எல்லாத் தவணையும் கட்டிய பிறகு வேறு ஒருவர் பெயரில் உள்ள பாக்கிக்காகப் பத்திரம் தராமல் நிறுத்தியது போல என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நோயாளிகள் இருக்கும்போது "இல்லை" என்று எழுதித் தருவதும் நியாயமாகாது அல்லவா? இறந்தவர் குடும்பத்துக்கு அது எந்த வகை மலேரியாவாக இருந்தால் என்ன?

பழைய ஆயுதங்கள் ஏன் போதவில்லை? கொசுவலை வீட்டுக்குள் தூங்குபவரைக் காப்பாற்றும். சுவரில் அடிக்கும் மருந்து சுவரில் உட்காரும் கொசுவைக் கொல்லும். அவை ஓரளவு உதவத்தான் செய்கின்றன. ஆனால் மாலை ஆறரை மணிக்குத் தோட்டத்தில் நிற்பவரை எந்த வலை காப்பாற்றும்? நோயாளி மனிதன் என்றால் தேடிப் பிடித்து மாத்திரை கொடுத்துக் கிருமியை ஒழிக்கலாம். காட்டில் உள்ள குரங்குகளை எப்படித் தேடி மாத்திரை கொடுப்பது?

"குரங்குகளைக் கொன்றுவிட்டால்?" என்று கேட்கலாம். நீண்டவால் குரங்கு அழியும் அபாயத்தில் உள்ள இனம் என்று 2022-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்துவிட்டது. விரட்டினால் கூட்டம் சிதறி இன்னொரு கிராமத்துக்குப் போகும். கிருமியும் கூடவே போகும்.

ஆகவே, அங்கே வேறு வழியில் வேலை செய்கிறார்கள். மலேரியா என்று தெரிந்த ரத்த மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பி வகையை உறுதி செய்கிறார்கள். நோயாளியை மருத்துவமனையில் சேர்த்து உடனே மருந்து தொடங்குகிறார்கள். தொலைதூரக் கிராமங்களில் ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாகப் பழக்குகிறார்கள். காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்குக் கொசு விரட்டிக் களிம்பு, முழுக்கைச் சட்டை, வலை பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

உலகில் இது மலேசியாவின் தொல்லை மட்டுமில்லை. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ மாநிலக் காட்டுப் பகுதியில் 2015, 2016-இல் வந்த மலேரியாவை ஆராய்ந்தபோது, அது ஊளைக்குரங்குகளிடம் உள்ள சிமியம் என்ற வகை என்று தெரிந்தது.

நம் ஊர்க் கதை என்ன

நீலகிரியிலும் குரங்கு மலேரியா உண்டு. 1960-களின் தொடக்கத்திலேயே நம் நாட்டுக் குரங்குகளிடம் மலேரியாக் கிருமிகளைக் கண்டார்கள். எலிகன்ஸ் என்ற அனாபிலிஸ் கொசு அதைக் குரங்குகளிடையே பரப்புகிறது என்று 1963-இல் எழுதினார்கள். அதனால், "இங்கே ஒன்றுமே இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவை நோலேசி அல்ல, வேறு வகைகள். அந்தக் கொசுவும் மலைக்காட்டுக் கொசு. நம் மொட்டை மாடித் தொட்டியில் அது வளராது. நோலேசியின் வீடான நீண்டவால் குரங்கு, இந்திய எல்லைக்குள் காட்டில் வாழ்வது நிக்கோபார் தீவுகளில்தான். நம் பி பிளாக் மதில் மேல் உட்காருவது அது இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "குரங்குக் காய்ச்சல்" என்று செய்தித்தாளில் வருவது கியாசனூர் காட்டு நோய். 1957-இல் கர்நாடகாவின் ஷிமோகா பகுதியில் கண்டுபிடித்தது. அது வைரஸ், உண்ணி கடித்து வருவது. "குரங்கு அம்மை" என்பது இன்னொரு வைரஸ். இரண்டுக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பார்வர்டில் மூன்றையும் சேர்த்துப் பிசைந்திருந்தார்கள்.

எனவே, மலேரியாவைக் காரணம் காட்டிக் குரங்கு பிடிக்கத் தீர்மானம் போட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. குரங்குத் தொல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. துணி கிழிகிறது, குழந்தைகள் பயப்படுகிறார்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு ஓட வேண்டும். அதற்கு வழி, உணவு போடுவதை நிறுத்துவது, குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது, வனத்துறைக்கு எழுதுவது. ஆள் வைத்து நாமே பிடிப்பது சட்டப்படியும் தவறு.

நமக்கு உண்மையான மலேரியா ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டீபன்சி என்ற அனாபிலிஸ் கொசு நகரத்துக்கே பழகியது. மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டுமானத்துக்குத் தேக்கும் நீர் என்று சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். அதற்குக் குரங்கு தேவையில்லை, நாமே போதும்.

செய்ய வேண்டியவை

மலேசியா போகிறவர்கள் பயந்து பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். கோலாலம்பூர், பினாங்கு நகரங்களைச் சுற்றிப் பார்ப்பதற்குக் கவலையில்லை. சபா, சரவாக், பகாங் காட்டுப் பகுதிகளில் தங்குவதாக இருந்தால், போகும் முன் டாக்டரிடம் கேளுங்கள். மாலையில் முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு விரட்டிக் களிம்பு பூசுங்கள், வலைக்குள் தூங்குங்கள். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், "மலேசியக் காட்டுக்குப் போய் வந்தேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இது மிக முக்கியம். விரைவுச் சோதனை அட்டையில் நோலேசி சில சமயம் தப்பிவிடும். நீங்கள் சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் தேடுவார்.

இங்கே இருப்பவர்களுக்கு மூன்று கோரிக்கைகள். ஒவ்வொரு பிளாக்கின் மேல்தொட்டி மூடியும், நீர் வழியும் குழாயின் வலையும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறாவது பிளாக் கட்டுமானத்தில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை வடிக்கும்படி காண்ட்ராக்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சபாவில் வெளியில் தூங்கியவருக்குத்தான் நோய் அதிகம் வந்தது என்று சொன்னேன். நம் குடியிருப்பில் இரவு முழுவதும் வெளியில் இருப்பது யார்? நம் காவலாளிகள். வெட்டவெளியில் படுப்பது யார்? கட்டுமானத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். நம் ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்துவிட்டோம். காவலாளி அறைக்கு இன்னும் அடிக்கவில்லை. அந்த அறைக்கு வலையும், தொழிலாளர்களுக்குக் கொசுவலையும் வாங்க வேண்டும். குரங்கு பிடிக்க ஒதுக்கலாம் என்று பேசிய பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். பொருளாளர் சார் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் முன்மொழிய நான் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும்.